ரிச்சர்ட் கெர்னின் பென்சிலும் ஹேமெஸ் ஊரின் சுவர்களும்

1849 ஆகஸ்டில் சான்டா ஃபேயிலிருந்து அமெரிக்கப் படையொன்று நவஹோ நாட்டை நோக்கிப் புறப்பட்டது. நியூ மெக்சிகோ, ஒப்பந்தத்தின்படி அமெரிக்காவின் கைக்கு மாறி அப்போது ஓராண்டே ஆகியிருந்தது. படையுடன் சென்ற நில அளவை அதிகாரி ஜேம்ஸ் சிம்ப்சனுக்கு ஓவியராக அமைந்தவர் பிலடெல்பியாவின் ரிச்சர்ட் கெர்ன். அவர் பயண நாட்குறிப்பும் எழுதிவந்தார்.

வழியில் ஹேமெஸ் என்னும் பியூப்லோ ஊரில் தங்கியபோது கெர்னின் கை ஓயவில்லை. பசுஞ்சோள நடனத்தையும், ஊர்த்தலைவர் ஹோஸ்தாவைப் போர்க்கோலத்திலும் வரைந்தார். கீவா எனப்படும் சடங்கறைகளின் சுவர்களில் தீட்டப்பட்டிருந்த மான், வான்கோழி, ஓநாய், செடிகொடிகள் ஆகியவற்றைப் படியெடுத்தார். சடங்குரிமை பெற்றவர்க்கே உரிய அவ்வுருவங்கள் 1850இல் அரசாங்க அறிக்கையின் கல்லச்சுப் படங்களாகி, காசு கொடுக்கும் எவரும் பார்க்கத்தக்கவையாயின.

கெர்னின் கோடுகள் நுட்பமானவை, அதில் ஐயமில்லை. ஆயினும் அப்பார்வை எத்தகையது என்பதை அப்பயணத்தின் மற்றொரு நிகழ்வு காட்டிவிடுகிறது. ஆகஸ்ட் 31 அன்று நவஹோ முதியவர் நார்போனா படையினரால் கொல்லப்பட்டார். அவரது முகத்தை வரைந்த கெர்ன், பின்னர் மண்டையோட்டு ஆய்வாளர் சாமுவேல் மார்ட்டனுக்கு எழுதிய கடிதத்தில், அத்தலையைக் கொண்டுவர இயலாமற்போனதற்கு வருந்தினார். உருவத்தைத் திரட்டுவதும் எலும்பைத் திரட்டுவதும் அவருக்கு ஒரே அறிவுப்பணி.

சிம்ப்சனின் அறிக்கையில் சொற்பட்டியல் ஒன்றும் உண்டு. பியூப்லோ மக்கள் ஒரே மொழியினர் அல்லர் என்பதை அது தெளிவாக்கியது. ஹேமெஸையும், 1838இல் அவ்வூரில் குடியேறிய பெக்கோஸ் மக்களையும் ஒரே பிரிவில் வைத்தது. இன்றைய வகைப்பாடும் அதனை ஏற்கிறது. பயனுள்ள பட்டியல்தான். ஆனால் இன்று ஹேமெஸ் மக்கள் தம் தோவா மொழியை எழுத்தில் பதிய மரபுச் சட்டப்படி இசைவதில்லை. பிறர் அதனைத் தவறாகக் கையாளக்கூடும் என்பதே அவர்கள் கூறும் காரணம். பல பியூப்லோ ஊர்களில் சடங்குகளை வரைவதற்கும் படமெடுப்பதற்கும் தடையுண்டு. ஆவணப்படுத்தலை ஐயமற்ற நன்மையாகக் கருதும் மொழியியலர் இம்மறுப்பை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. எழுதப்பட்டவை எங்கே போய்ச் சேர்ந்தன என்பதைக் கண்டறிந்தவர்களின் முடிவு அது.

1849இல் சாக்கோ பள்ளத்தாக்கிற்குக் கெர்னுடன் சென்ற ஹோஸ்தா, 1877இல் முதுமையிலும் அங்கே ஒளிப்படக் கலைஞர் வில்லியம் ஹென்றி ஜாக்சனுக்கு வழிகாட்டினார். ஜாக்சன் புதுவகைப் படச்சுருளை நம்பிச் சென்றிருந்தார். எடுத்த நூற்றுக்கணக்கான படங்களுள் ஒன்றுகூடத் தேறவில்லை. கெர்ன் படியெடுத்த கீவா உருவங்களோ இன்றும் நூலக அடுக்குகளில் இருக்கின்றன.