ஓரிதழோடு நின்ற பதிப்பகம்

சித்திரக் கதை நூல்களைச் சிறுவர்தம் வீண் பொழுதுபோக்கென ஒதுக்குவோர் நம்மிற் பலர். ஆயின், சிறுவர் கையிற் சேரும் நூலில் எவன் வீரனாகவும் எவன் கோமாளியாகவும் வருகிறான் என்பது சிறிய விடயமன்று. இவ்வுண்மையை நன்குணர்ந்த ஒருவரின் முயற்சியை ஈண்டுச் சுருக்கமாகக் கூற விழைகின்றேன்.

1940களில் அமெரிக்காவில் சித்திரக் கதை இதழ்கள் பெருந்தொகையாக விற்பனையாயின. அவற்றிற் கறுப்பினத்தவர் பெரும்பாலும் தடித்த உதடும் கொச்சை மொழியுமுடைய ஏவலாளராகவே தீட்டப்பட்டனர். 'கப்டன் மார்வெல்' கதைகளில் வந்த 'ஸ்டீம்போட்' என்னும் பாத்திரம் அத்தகையதே. நியூயோர்க் மாணவர் சிலர் ஆட்சேபித்தமையால் 1945 இல் அது நீக்கப்பட்டது.

தீயதை நீக்குவித்தல் ஒரு பணி. அதனிடத்தில் நல்லதை ஆக்கிவைத்தல் பிறிதொரு பணி. பின்னதை மேற்கொண்டவர் ஒரின் எவன்ஸ். 1902 இற் பிறந்த இவர், 'பிலடெல்பியா ரெக்கோட்' நாளிதழிற் பணியாற்றிய கறுப்பினப் பத்திரிகையாளர். 1947 தொடக்கத்தில், ஊழியர் வேலைநிறுத்தத்தின்போது அந்நாளிதழ் மூடப்பட்டது. தொழிலிழந்த எவன்ஸ் சோர்ந்திருந்தாரல்லர். பழைய சகாக்கள் சிலரைப் பங்காளராகச் சேர்த்து, பிலடெல்பியாவிற் சிறு பதிப்பகமொன்றை ஸ்தாபித்தார்.

அவ்வாண்டு யூன் மாதத்தில் 'ஆல்-நீக்ரோ காமிக்ஸ்' முதலிதழ் வெளிவந்தது. 'நீக்ரோ' என்பது அம்மக்கள் அக்காலத்தில் தம்மைக் குறிக்கத் தாமே வழங்கிய சொல்லாகும். 48 பக்கங்கள், விலை 15 சதம். ஏனைய இதழ்களோ 10 சதத்துக்கு விற்றன. ஓவியர் யாவரும் கறுப்பினத்தவரே; எவன்ஸின் சகோதரர் ஜோர்ஜும் அவருள் ஒருவர். கதைத் தலைவருள் ஏஸ் ஹார்லெம் கூர்மதி படைத்த துப்பறிவாளன். லயன் மேன் கல்லூரியிற் கற்ற இளம் விஞ்ஞானி. யுரேனியம் நிறைந்த மலையொன்றைக் காக்க, ஐக்கிய நாடுகள் சபையால் ஆபிரிக்காவின் கோல்ட் கோஸ்டுக்கு அனுப்பப்பட்டவன். அந்நாடு கானாவெனச் சுதந்திரம் பெற்றதோ பத்தாண்டு கழித்து, 1957 இலேயே!

இரண்டாம் இதழும் ஆயத்தமாயிற்று. ஆனால் அச்சிடுவதற்குத் தாள் கிடைக்கவில்லை. வழக்கமாகத் தாள் விற்போர் எவன்ஸுக்கு விற்க மறுத்தனர். அரசு தடை விதிக்கவில்லை, நீதிமன்றம் தீர்ப்பளிக்கவில்லை. தாளை மறுத்ததே போதுமாயிற்று. பதிப்பகம் ஓரிதழோடு நின்றது. 1950 இல் பெரிய நிறுவனமாகிய போசெட், கறுப்பின வாசகருக்கென 'நீக்ரோ ரோமான்ஸ்' இதழை வெளியிட்டது. அதற்குத் தாள் முட்டுப்பாடு நேரவில்லை.

எவன்ஸ் மீண்டும் பத்திரிகைத் தொழிலுக்கே திரும்பி, 1971 இற் காலமானார். அவர் வெளியிட்ட இதழோ 2023 இல் மறுபதிப்புப் பெற்று, 2024 இல் ஐஸ்னர் விருதும் எய்தியது.

வாலிப நண்பர்களே! கருத்தும் கலைஞரும் இருந்தாற் போதும், நூல் தானே வெளிவருமென்று எண்ணிவிடலாகாது. தாளும் அச்சும் விற்பனை வழியும் எவர் கையிலுள்ளனவோ, பேசவும் மௌனிக்கவும் வைக்கும் வலிமை அவர் கையிலேயே உளது. ஆதலின் தம் கதையைத் தாமே சொல்ல விரும்பும் சமூகம், எழுதுகோலைப் போலவே இவற்றையும் பேணக் கடமைப்பட்டதாகும்.