கத்தரிக்கோலுக்கு அடியில் ஒரு நோட்டு

ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரில், தாலிபான்களின் முதல் ஆட்சிக் காலத்தில், 'தங்க ஊசி' என்ற பெயரில் ஒரு தையல் பள்ளி நடந்தது. பெண்களுக்கு விட்டுவைக்கப்பட்டிருந்த மிகச் சில வேலைகளில் தையலும் ஒன்று. வாரத்தில் 3 நாள் புர்கா அணிந்த பெண்கள் பையோடு வருவார்கள். பையின் மேலே துணியும் கத்தரிக்கோலும். அடியில் நோட்டும் பேனாவும். உள்ளே நடந்தது இலக்கிய வகுப்பு. பல்கலைக்கழகப் பேராசிரியர் பாடம் எடுக்க, வெளியே குழந்தைகள் விளையாடிக்கொண்டே காவல் இருந்தார்கள்.

அந்த வகுப்புக்கு வந்தவர்களில் ஒருவர் கவிஞர் நாதியா அஞ்சுமன். தாலிபான்கள் பள்ளியை மூடியபோது அவர் சிறுமி. 2001இல் ஆட்சி மாறியதும் பல்கலைக்கழகம் சென்றார். 2005இல் முதல் கவிதைத் தொகுப்பை வெளியிட்டார். அதே ஆண்டு நவம்பரில், கணவர் தாக்கிய பிறகு, 24 வயதில் இறந்தார். படித்த பெண்ணுக்கும் வீடு பாதுகாப்பான இடமாக மாறிவிடவில்லை.

பாடத்தைத் தனியாகவும் படித்துவிடலாம். ஆனால் ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி கேட்கவும், "இது புரியவில்லை" என்று வெட்கமில்லாமல் சொல்லவும், வராதவளை "ஏன் வரவில்லை?" என்று தேடவும் ஒரு கூட்டம் வேண்டும். கல்வியைத் தடுப்பவர்கள் புத்தகத்தோடு சேர்த்து இந்தக் கூட்டத்தையும் கலைக்கிறார்கள்.

2021 ஆகஸ்டில் தாலிபான்கள் திரும்பி வந்தார்கள். 6ஆம் வகுப்புக்கு மேல் சிறுமிகளுக்குப் பள்ளி இல்லை என்றானது. 2022 மார்ச் 23 அன்று திறந்த பள்ளிகளைச் சில மணி நேரத்திலேயே மூடினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பல்கலைக்கழகங்களும் அடைபட்டன. இந்த முறை தையல் பையின் இடத்துக்குக் கைப்பேசி வந்தது. கேமராவை அணைத்துவிட்டு, முழுப் பெயரைச் சொல்லாமல், பெண்கள் இணைய வகுப்புகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் சேர்ந்து படிக்கிறார்கள்.

அவர்களுடைய துணிவைப் பாராட்டுவது எளிது. ஆனால் கைப்பேசித் திரையில் பிரசவம் பார்க்கப் பழக முடியாது. 2024 டிசம்பரில் செவிலியர், மருத்துவச்சிப் பயிற்சியும் பெண்களுக்குத் தடைசெய்யப்பட்டபோது, அந்த இழப்பை எந்த இணைய வகுப்பாலும் ஈடுகட்ட முடியவில்லை. 2025 செப்டம்பர் இறுதியில் ஏறத்தாழ 2 நாட்கள் நாடு முழுவதும் இணையம் துண்டிக்கப்பட்டது. கூடவே வகுப்புகளும் நின்றன. திரைக்குள் பெண்கள் அமைத்துக்கொண்ட அறையின் சாவியும் ஆள்பவர்களிடமே இருந்தது.

இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 1880களில், ரஷ்ய ஆட்சியின் கீழ் இருந்த வார்சாவில், பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடியிருந்தது. வீடு மாற்றி வீடு ரகசியமாக வகுப்புகள் நடத்தினார்கள். 'பறக்கும் பல்கலைக்கழகம்' என்று அதற்குப் பெயர். பின்னாளில் மேரி கியூரி ஆன மரியா ஸ்க்லதோவ்ஸ்கா அங்கே படித்தார். ஆனால் பட்டம் பெற அவர் 1891இல் பாரிஸுக்குத்தான் போக வேண்டியிருந்தது. அந்த வகுப்புகள் வெளிப்படையாக நடக்க 1905-06 வரை, அரசு இறங்கி வரும்வரை, காத்திருக்க நேர்ந்தது.

ரகசிய அறைகள் பெண்களைத் தனிமையிலிருந்து காப்பாற்றியிருக்கின்றன. அதைக் காரணம் காட்டி, மூடிய கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்பதை நாம் நிறுத்திவிடக் கூடாது.