சம்பளத்தில் ஒரு பங்கு

1933 ஏப்ரலில் ஹிட்லர் அரசு ஒரு சட்டம் போட்டு, யூதப் பேராசிரியர்களையும் மாற்று அரசியல் கொண்டவர்களையும் வேலையை விட்டு நீக்கத் தொடங்கியது. இந்தச் செய்தியை வியன்னாவில் படித்தார்கள் இருவர்: லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இயக்குநர் பெவரிட்ஜ், அங்கேயே பேராசிரியரான ராபின்ஸ். "ஐயோ பாவம்" என்று பத்திரிகையை மடித்து வைத்துவிடவில்லை. ஊர் திரும்பியதும் சக ஆசிரியர்கள் சம்பளத்தில் ஒரு பங்கு தந்தார்கள். மே மாதம் கல்வியாளர் உதவிக் குழு பிறந்தது. தலைவர் விஞ்ஞானி ரூதர்போர்டு. அக்டோபர் 3-ல் நிதிக்காக ஆல்பர்ட் ஹாலில் ஐன்ஸ்டைனே பேசினார்.

குடும்பஸ்தருக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு, தனி ஆளுக்கு 182. பெரிய தொகை இல்லைதான். ஆனால் வேலை கிடைக்கிற வரைக்கும் ஆராய்ச்சியை விடாமல் காலம் தள்ளலாமே!

1965-ல் நடந்ததுதான் விசேஷம். ஹிட்லருக்குத் தப்பி வந்து பிரிட்டனில் வாழ்வு பெற்றவர்கள் தங்களுக்குள் வசூல் செய்து, சுமார் 90 ஆயிரம் பவுண்டை நன்றிக் காணிக்கையாக பிரிட்டிஷ் அகாடமிக்கு வழங்கினார்கள். ஒப்படைத்தவர், 1933-ல் வேலை பறிபோய் வந்து, பின்னர் நோபல் பரிசும் பெற்ற ஹான்ஸ் கிரெப்ஸ். பெற்றுக்கொண்ட தலைவர் யார் தெரியுமோ? அதே ராபின்ஸ்!

நண்பர்களே, உதவி நிதிக்கென்று யாராவது ரசீதுப் புத்தகத்தை நீட்டும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.