ஊறு என்னும் புலன்: உடல் பிடித்துவிடும் கலையின் வரலாறு

ஐம்புலன்களின் நுகர்ச்சியைச் சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் என வகுப்பது நம் மரபு. இவற்றுள் சுவைக்குச் சமையற்கலை உண்டு. ஒளிக்கு ஓவியமும் சிற்பமும் உண்டு. ஓசைக்கு இசை உண்டு. நாற்றத்திற்கு மாலையும் சாந்தும் உண்டு. ஊறு எனப்படும் தொடுவுணர்வுக்கென ஒரு கலை உண்டா என வினவினால் நம்மில் பலர் தயங்குவர். மசாஜ் என்ற சொல் காதில் விழுந்ததும் ஒரு சாரார் மருத்துவமனையை நினைப்பர். மற்றொரு சாரார் காவல்துறைச் சோதனை பற்றிய நாளிதழ்ச் செய்தியை நினைப்பர். இவ்விரண்டுக்கும் நடுவே, களைப்பு நீங்கி உள்ளம் இளைப்பாற வேண்டி, ஒருவர் மற்றொருவரின் உடல் முழுவதையும் எண்ணெயிட்டு நீவிவிடும் கலை ஒன்று நெடுங்காலமாக இருந்துவருகிறது. அதனைப் புதிதாக அறியப் புகுவோர்க்கு அதன் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். 'ஊறு' என்பதற்குத் தமிழில் இரு பொருள்கள் உள்ளன. ஒன்று தொடுவுணர்வு, மற்றொன்று தீங்கு. இவ்விரண்டும் ஒரே வடிவில் அமைந்திருப்பது நமக்கு ஒரு வகையில் உதவுகிறது. பிறர் கை நம் உடலில் படும்போது இன்பமும் விளையலாம், கேடும் விளையலாம். மசாஜின் வரலாறு முழுவதும், முன்னதைப் பெறுவதற்கும் பின்னதைத் தவிர்ப்பதற்கும் மனிதர் செய்த ஏற்பாடுகளின் வரலாறாகவே நமக்குத் தோன்றுகிறது.

இக்கலைக்குரிய சொற்கள் தமிழில் குறைவல்ல. நீவுதல், வருடுதல், உருவுதல், அமுக்குதல், பிசைதல், தட்டுதல், பிடித்துவிடுதல் என ஒவ்வொரு கையசைவுக்கும் ஒரு பெயர் உண்டு. 'தைவரல்' என்ற பழஞ்சொல் தடவுதலையும் வருடுதலையும் குறிக்கும். யாழ் வாசிப்போர் செய்யும் எட்டு இசைக்கரணங்களுள் ஒன்றுக்கும் இதுவே பெயர் என்பதைச் சிலப்பதிகாரத்துக் கானல்வரியால் அறிகிறோம். நரம்பை வருடும் விரலுக்கும் மேனியை வருடும் விரலுக்கும் ஒரே சொல் பொருந்தியிருக்கிறது. அதே காப்பியத்தின் கடலாடு காதையில், பத்து வகைத் துவர்ப்பொருள்களும் ஐந்து வகை விரைகளும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகைகளும் ஊறிய நீரில் மாதவியின் கூந்தல் நீராட்டப்படுகிறது. புலன் நுகர்ச்சிக்குரிய பொருள்களை எண்ணிக் கணக்கிட்டுச் சொல்லும் அளவுக்கு அன்றைய நகர வாழ்க்கை அதனைப் பொருட்படுத்தியது.

ஆனால், பேச்சுவழக்கில் நிலைமை வேறு. 'காலைப் பிடித்தல்' என்றால் கெஞ்சுதல். 'காக்காய் பிடித்தல்' என்பது 'கால் கை பிடித்தல்' என்பதன் மரூஉ என்பர். பிடித்துவிடுவோரின் கை வேண்டும்; ஆனால் அவர் நிலை தாழ்ந்தது. இந்த முரண்பாடு தமிழுக்கு மட்டும் உரியதன்று.

வடமொழி நூல்களில் இக்கலை மூன்று இடங்களில் மூன்று விதமாகப் பேசப்படுகிறது. சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் 5ஆம் இயல் எண்ணெய்த் தேய்ப்பை அன்றாட ஒழுக்கமாகக் கூறுகிறது. எண்ணெய் பட்ட குடமும் தோலும் வண்டியின் அச்சும் உறுதி பெறுவது போல உடலும் உறுதி பெறும் என்பது அதன் உவமை. தொடுவுணர்வில் வாயுவே மேலோங்கி நிற்கிறது, அதற்குத் தோலே இடம், ஆகவே தோலுக்கு எண்ணெய் நன்மை தரும் என்பது அதன் வாதம். இது மருத்துவரின் பார்வை.

காமசூத்திரம் இதனை அறுபத்துநான்கு கலைகளின் பட்டியலில் சேர்க்கிறது. அங்கு உத்சாதனம், சம்வாகனம், கேசமர்த்தனம் என மூன்று பெயர்கள் வருகின்றன. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படும் ஜயமங்களா உரை இம்மூன்றையும் பிரித்து விளக்குகிறது. காலால் மிதித்துச் செய்வது உத்சாதனம்; கையால் தலைக்கு எண்ணெய் தேய்ப்பது கேசமர்த்தனம்; பிற உறுப்புகளைக் கையால் பிடித்துவிடுவது சம்வாகனம். காலால் செய்யும் முறை இன்றும் கேரளத்தில் உள்ளது. களரிப்பயிற்றும் கதகளியும் பயில்வோருக்கு, மேலே கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு பாதத்தால் உருவிவிடும் 'சவிட்டி உழிச்சில்' அதுவே.

மூன்றாவது, அர்த்தசாஸ்திரம். அது அரசனின் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படும் நூல். நீராட்டுதல், உடல் பிடித்துவிடுதல், படுக்கை விரித்தல் போன்ற பணிகளைப் பணிப்பெண்கள் செய்யவோ மேற்பார்வையிடவோ வேண்டும் என்றும், அரசனுக்குப் பூசும் பொருள்களைத் தம் மார்பிலும் தோளிலும் முதலில் பூசிக் காட்டவேண்டும் என்றும் அது விதிக்கிறது. நஞ்சு கலந்திருக்குமோ என்ற அச்சமே காரணம். அரசனுக்கு ஊற்றின்பம், தீங்கு நேர்ந்தால் பணிப்பெண்ணின் மேனிக்கு முதலில் ஊறு. சொல்லின் இரு பொருளும் இங்கே இரண்டு உடல்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டுள்ளன.

இக்கலைஞனுக்கு ஒரு முகம் கொடுத்தவர் நாடகாசிரியர் சூத்திரகர். அவரது மிருச்சகடிகத்தைப் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் 'மண்ணியல் சிறுதேர்' என்ற பெயரில் தமிழாக்கியிருப்பதால் நம் வாசகர்களுக்கு அது புதிதன்று. சாருதத்தனையும் வசந்தசேனையையும் நினைவில் வைத்திருப்போர், சம்வாககனை மறந்திருக்கக்கூடும். அவன் பெயரே அவன் தொழில். பாடலிபுத்திரத்தில் ஓர் இல்லறத்தானின் மகனாகப் பிறந்து, ஊர் காணும் ஆவலால் உச்சயினிக்கு வந்து, சாருதத்தனுக்கு உடல் பிடித்துவிடும் பணியில் அமர்ந்தவன். சாருதத்தன் வறியவனானதும் சூதாடத் தொடங்கி, பத்துப் பொற்காசு தோற்று, துரத்துவோரிடமிருந்து தப்பி வசந்தசேனையின் வீட்டில் நுழைகிறான். அவன் தொழிலைக் கேட்ட வசந்தசேனை, மென்மையான கலையொன்றைக் கற்றிருக்கிறாய் எனப் பாராட்டுகிறாள். கலை என்று எண்ணித்தான் கற்றேன், இப்போது அது பிழைப்பாகிவிட்டது என்ற கருத்துப்பட அவன் விடை கூறுகிறான். இக்கலையின் சமூக வரலாற்றை இதனினும் சுருக்கமாக யாரும் சொல்லிவிட இயலாது. கற்கும்போது அது அறுபத்துநான்கில் ஒன்று. கூலி வாங்கும்போது ஏவல்.

அவன் கடனை வசந்தசேனை தன் கைவளை கொடுத்துத் தீர்க்கிறாள். அவன் பௌத்தத் துறவியாகிறான். எட்டாம் அங்கத்தில், சகாரனால் கழுத்து நெரிக்கப்பட்டுச் சருகுகளுக்கிடையே கிடக்கும் வசந்தசேனையைக் கண்டு, தன் ஈர ஆடையைப் பிழிந்து நீர் தெளிக்கிறான். அவள் கண் விழிக்கிறாள். எழ வேண்டும், எழுப்பக் கைகொடுக்க வேண்டும். ஆனால் துறவி பெண்ணைத் தீண்டலாகாது. அருகிலிருந்த மரத்தில் படர்ந்த கொடியொன்றை அவன் வளைத்துக் கொடுக்க, அதைப் பற்றிக்கொண்டு அவள் எழுகிறாள். தொடுவதையே தொழிலாகக் கொண்டிருந்தவன் தொடாமல் உதவும் காட்சி இது. ஒருவன் கை கழுத்தை நெரித்திருக்கிறது. மற்றொருவன் கை கொடியை நீட்டிவிட்டு நிற்கிறது. பற்றிக்கொள்வது அவள் விருப்பம்.

பாடலிபுத்திரமே பின்னாளைய பாட்னா. நாடகப் பாத்திரத்தின் ஊரிலேயே 1759இல் பிறந்த ஒருவர் இக்கலையைக் கடல்கடந்து எடுத்துச்சென்றார் என்பது வியப்பான பொருத்தம். அவர் சேக் தீன் முகமது. இளமையிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையைச் சேர்ந்து, 1784இல் அயர்லாந்தின் கார்க் நகருக்குச் சென்றவர். அங்கு ஜேன் டேலி என்ற பெண்ணை மணந்தார். 1794இல் தம் பயணங்களை நூலாக வெளியிட்டார். ஆங்கிலத்தில் நூல் வெளியிட்ட முதல் இந்தியர் என அறியப்படுகிறார். பின்னர் இலண்டனில் பாசில் கோக்ரேன் என்ற செல்வரின் நீராவிக் குளியல் நிலையத்தில் பணியாற்றினார். 1810இல் அந்நகரில் இந்திய உணவகம் ஒன்றைத் திறந்து, 1812இல் நொடித்துப்போனார். 1814இல் கடற்கரை நகரான பிரைட்டனுக்குச் சென்றார். அங்குதான் அவருக்குப் பெயர் கிடைத்தது.

அமுக்கு, அழுத்து என ஏவும் பொருளுடைய 'சாம்போ' என்ற இந்திச் சொல், 18ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் 'ஷாம்பூ' என வழங்கத் தொடங்கியிருந்தது. அன்று அதற்கு உடல் பிடித்துவிடுதல் என்பதே பொருள். தீன் முகமது அதனை நீராவிக் குளியலோடு இணைத்தார். வந்தவர் மூலிகை மணக்கும் ஆவியில் நன்கு வியர்ப்பார். பிறகு மென்கம்பளித் துணியால் அமைந்த ஒரு கூடாரத்துள் இருப்பார். அத்துணியில் சட்டைக் கைகளைப் போன்ற அமைப்பு உண்டு. பிடித்துவிடுபவர் வெளியே நின்றபடி தம் கைகளை மட்டும் அதன் வழியே நுழைத்து உடலை அழுத்திப் பிசைவார். கை உள்ளே, ஆள் வெளியே. கீழைநாட்டாரின் கை தரும் சுகத்தை விரும்பிய அன்றைய ஆங்கிலச் சமூகத்தின் நாணத்திற்கு இத்துணி ஒரு வழி செய்து கொடுத்தது.

அவர் 1822இல் தம் முறையைப் பற்றி நூல் எழுதினார். நோய் நீங்கியோர் விட்டுச்சென்ற ஊன்றுகோல்கள் அவர் நிலையத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய மன்னர்களுக்கு 'ஷாம்பூ மருத்துவர்' என்ற பட்டத்தோடு பணிபுரிந்தார். ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்நூலில் அவர் தம் பிறப்பாண்டைப் பத்தாண்டு முன்தள்ளி 1749 எனக் காட்டி, இளமையில் மருத்துவம் பயின்றதாகவும் எழுதிக்கொண்டார். இன்பம் தரும் கைக்கு மதிப்பில்லை. மருத்துவரின் கைக்கே மதிப்பு என்பதை அவர் அறிந்திருந்தார். 1851இல் அவர் மறைந்தபோது, முன்னைப் புகழ் பெரிதும் மங்கிவிட்டிருந்தது.

அதன் பின் ஐரோப்பாவில் இக்கலை மருத்துவத்தின் பக்கம் மேலும் சாய்ந்தது. ஹாலந்து மருத்துவர் யோஹான் மெட்ஸ்கர் (1838–1909) நீவல், பிசைதல், தட்டல் ஆகியவற்றை வகைப்படுத்தினார். அவற்றுக்கு வழங்கும் பிரெஞ்சுப் பெயர்களே இன்றும் பாடநூல்களில் உள்ளன. 1894இல் இலண்டனில், மசாஜ் நிலையங்கள் என்ற பெயரில் பரத்தமைத் தொழில் நடப்பதாகப் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் எழுத, பெருங்கூச்சல் எழுந்தது. அவ்வாண்டிலேயே செவிலியர் நால்வர், தம் தொழிலின் மானம் காக்கப் பயிற்சி பெற்ற மசாஜ் பெண்டிர்க்கான சங்கத்தை நிறுவினர். மருத்துவர் பணித்தாலன்றிச் செய்வதில்லை, மருத்துவ இதழ்களிலன்றி விளம்பரம் தருவதில்லை என விதிகள் வகுத்தனர். இன்றைய பிரிட்டிஷ் இயன்முறை மருத்துவர்களின் பட்டயச் சங்கம் அதிலிருந்து வளர்ந்ததே. பணிப்பெண்ணின் தோள், துறவியின் கொடி, கம்பளிக் கூடாரம் என்ற வரிசையில் மருத்துவரின் சீட்டு நான்காவது.

'ஷாம்பூ' என்ற சொல்லோ 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தலைமுடி கழுவுதல் என்ற பொருளுக்கு மாறி, பிறகு கழுவும் பொருளுக்கே பெயராயிற்று. அது தமிழகத்துக்கு வந்தபோது கை மறைந்து நுரை மட்டுமே எஞ்சியிருந்தது. கடலூர்ச் சின்னி கிருஷ்ணன் சிற்றுறையில் அடைத்து விற்கும் முறையைப் பரப்ப, அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கிய நிறுவனத்தின் 'சிக்' ஷாம்பூ சிற்றூர்க் கடைகளிலும் தொங்கியது. பிறர் கையால் பெறும் சுகத்தைக் குறித்த சொல், தனியொருவர் தாமே கிழித்துப் பயன்படுத்தும் பொதியாகிவிட்டது.

இக்காலத்து உடலியல், சரகர் கூறியதற்கு வேறொரு விளக்கம் தருகிறது. மெல்லிய வருடலை உணர்வதற்கென்றே மயிருள்ள தோலில் ஒருவகை நரம்பிழைகள் உள்ளன. ஒரு நொடிக்கு 1 முதல் 10 செ.மீ. வரையிலான வேகத்தில், கையின் இயல்பான சூட்டோடு வருடும்போதே அவை மிகுதியாகக் கிளர்ச்சியுறுகின்றன. அவ்வேகத்தையே மக்கள் இனிது எனவும் கூறுகின்றனர். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஏறத்தாழ 25 செ.மீ. என்றால், அதை ஒருமுறை நீவ ஐந்து முதல் எட்டு நொடி எடுத்துக்கொள்ளலாம். நாம் பெரும்பாலும் அவசரப்பட்டுவிடுகிறோம்.

ஆகவே, கணவன் மனைவியோ காதலரோ ஒருவருக்கொருவர் இதனைச் செய்யப் புகுந்தால், தொடக்கநிலையில் அறியவேண்டியவை சிலவே. அறை குளிராதிருக்கட்டும். நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ இளஞ்சூடாக இருக்கட்டும். அதை நேரே உடலில் ஊற்றாமல் தம் உள்ளங்கையில் தேய்த்துக்கொள்க. முதுகிலோ பாதத்திலோ தொடங்கி, நீண்ட நீவலால் தசை இளகிய பின்னரே பிசைக. முதுகெலும்பின் மேல் அழுத்தாமல் இருபுறத் தசைகளிலேயே கை செல்லட்டும். கைகால்களை இதயத்தை நோக்கி நீவுக. நீவாத பகுதியைத் துணியால் போர்த்திவைத்தால் குளிரும் கூச்சமும் இரா. காய்ச்சல், புண், காரணமறியாத கால்வீக்கம், சுருண்டு புடைத்த நரம்பு ஆகியவை இருந்தால் தவிர்க்க. கருவுற்றோர் மருத்துவரைக் கேட்டறிக. எங்கே தொடலாம், எங்கே வேண்டா, எவ்வளவு அழுத்தலாம் என்பதை முன்னரே கேட்பதும், இடையில் போதும் என்றால் அக்கணமே நிறுத்துவதும் இன்றியமையாதவை.

இந்தக் கேள்விதான் மேற்கூறிய தடுப்புகள் அனைத்தையும்விட எளியது. அதனைக் கேட்கும் வழக்கம் வீட்டுக்குள்ளும் வரவேண்டும். கூலிக்காக இப்பணியைச் செய்வோரை ஏளனம் செய்யும் வழக்கம் நம்மிடமிருந்து போகவேண்டும். சம்வாககன் கற்றது கலைதான் என்று வசந்தசேனை தயக்கமின்றிச் சொன்னாள். நாமும் அவ்வாறு சொல்லப் பழகுவது நன்று.