திருகாணி பாவம்

கோவில்பட்டிக் கரிசலில் ஆடிக் காற்று கிளம்பினால் வானும் தரையும் ஒரே நிறந்தான். அந்தப் புழுதியில் என் பழைய புல்லட் நோய்வாய்ப்பட்டது. முறுக்கினால் ஓடும், கையைத் தளர்த்தினால் நின்றுவிடும். காற்றுத் திருகாணியைத் திருகித் திருகி நோயை முற்றவைத்தேன். பிறகு கம்பியை எடுத்தேன். பட்டறைக்காரர் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

“அண்ணாச்சி, திருகாணி பாவம், அது என்ன செய்யும்? ஜெட்டுல தூசி. கம்பியை விட்டால் துவாரம் பெருத்துப் போகும். அப்புறம் அது ஜெட்டே இல்லை.”

அந்தக் கார்புரேட்டர் அமால். 1927-இல் மூன்று இங்கிலீஷ் கம்பெனிகள் ஒன்றாகிப் பர்மிங்ஹாமில் பிறந்த பெயர். ஈரக் காற்றை உண்டு வளர்ந்த கருவி! 1955-இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் உருவாயிற்று. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடியது. பிள்ளை மட்டும் இங்கே ஓடிக்கொண்டிருந்தது. கரிசல் புழுதிக்கு வைத்தியம் கண்டவர்கள் நம்மூர்ப் பட்டறைக்காரர்களே.

அவர் ஜெட்டைக் கழற்றிப் பெட்ரோலில் அலசி, சைக்கிள் பம்பால் ஊதினார். காற்றுவடிகட்டியையும் தட்டினார், அது அடைத்தால் காற்றுக் குறைந்து பிளக்கில் கரி படியுமாம். எஞ்சின் சூடேறியபின் திருகாணியை மெல்ல முழுக்க இறக்கி, ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தினார். அங்கிருந்து கால் கால் சுற்றாக, காதால் கேட்டபடி. ஓட்டம் சீரான இடத்தில் கை நின்றது.

2020-இல் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தது. புதிய புல்லட்டுகளில் கார்புரேட்டர் இல்லை. என்னுடையதில் இருக்கிறது. கம்பியை அவர் திருப்பித் தரவே இல்லை.