நார்வேயின் வாய்மொழிக் கதைசொல்லல்

நார்வே தேசத்து நாட்டுப்புறக் கதைகளை, ஏட்டைப் பார்த்து வாசியாமலும் வேஷம் புனைந்து நடியாமலும், வயது வந்த ரசிகர்கள் கூடிய அவையில் ஒருவர் தம் சொந்தச் சொற்களால் எடுத்துரைக்கும் கலை, இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அந்நாட்டில் புத்துயிர் பெற்றதாகும். கதை என்பது குழந்தைகளின் சொத்து என்னும் எண்ணம் ஊறிப்போயிருப்பதால், பெரியவர்கள் கட்டணம் செலுத்தி அமர்ந்து பூதக்கதை கேட்பதைப் புதுமை என்று கருதுவோர் அங்கும் உண்டு. உண்மையில் புதுமை என்று சொல்லத்தக்கது கதை குழந்தைகளின் அறைக்குள் ஒதுங்கியதேயன்றி, பெரியவர்கள் அதைக் கேட்டது அன்று.

பழைய நார்வேயில் கதைக்குரிய முக்கியப் பருவம் இருள் நீண்ட இலையுதிர்காலமும் குளிர்காலமும் ஆகும். பண்ணை வீட்டின் அடுப்பைச் சுற்றி ஆட்டுரோமம் சிக்கெடுப்போரும் நூல் நூற்போரும் மரக்கரண்டி செதுக்குவோரும் அமர்ந்திருக்க, கை தன் வேலையைப் பார்க்கும். காது கதையைப் பார்க்கும். வடக்கே லொபோத்தன் தீவுகளில் ஆண்டின் முதல் மாதங்களில் காட் மீன் பிடிக்கத் திரண்ட செம்படவர்கள், புயலால் படகிறக்க இயலாத நாட்களில், கடலோரக் குடில்களில் அடைபட்டுக் கிடந்து கதை பேசினர். பலகைச் சுமை ஏற்றிய வண்டிக்காரர்கள் இரவு தங்கிய சத்திரங்களும், நீரோட்டத்தால் இயங்கிய மாவு ஆலைகளும், கோடையில் கால்நடைகளோடு பெண்கள் தங்கிய மலைக்குடில்களும் கதை விளைந்த பிற இடங்களாம். அங்கே குழந்தைகள் இருந்திருக்கலாம்; ஆனால் அவர்களை முன்னிட்டு எவரும் சொல்லைச் சுருக்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

இக்கதைகளில் இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. ஒன்று, எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் நிகழாதது என்று சொல்பவரும் கேட்பவரும் அறிந்தே அனுபவிக்கும் அற்புதக்கதை. சாம்பலில் கிளறிக்கொண்டு கிடக்கும் கடைக்குட்டியாகிய அஸ்கெலாத்தன், தலை பல கொண்ட பூதத்தையும் அகந்தை பிடித்த அரசகுமாரியையும் வென்று பாதி ராஜ்யம் பெறுவது இவ்வகை. மற்றொன்று, இன்ன குன்றில், இன்னாருடைய பாட்டனாருக்கு நேர்ந்தது என்று நடந்த செய்தியாகவே சொல்லப்படும் ஐதிகம். மாட்டின் வாலை மறைத்துக்கொண்டு அழகியாய்த் தோன்றி ஆடவரை மயக்கும் ஹுல்ட்ரா என்னும் வனமோகினியும், கடலில் மாண்டு கரையேறாத மீனவனின் ஆவியாய்ப் பாதிப் படகில் பாய் விரித்து வரும் திரவுக் என்னும் பேயும் இவ்வகையைச் சேர்ந்தவர்கள். பெரியவர் அவையில் இவ்விரண்டாம் வகைக்கே அதிகம் வலிமை உண்டு என்பது எம் கருத்து. ஏனெனில் அற்புதக்கதையில் அச்சம் விளையாட்டாய் முடிந்துவிடுகிறது, ஐதிகத்திலோ மறுநாள் அதே கடலுக்கு அதே மனிதர் போகவேண்டியிருக்கிறது.

கதைகள் எழுத்தேறியதற்குப் பேத்தர் கிறிஸ்தென் ஆஸ்பியோர்ன்சன் (1812–1885), யோர்கன் மோ (1813–1882) என்னும் இருவரே முதற் காரணர். முன்னவர் விலங்கியல் கற்று வனத்துறையில் பணிபுரிந்தவர். பின்னவர் கவிஞர், பிற்காலத்தில் பிஷப் பதவி வகித்தவர். ஜெர்மனியின் கிரிம் சகோதரர்களை முன்மாதிரியாகக் கொண்டு கிராமாந்தரங்களில் அலைந்து இவர்கள் சேகரித்த கதைகளின் முதற் சிறு பகுதி, 1841இல், தலைப்புப் பக்கமோ ஆசிரியர் பெயரோ இன்றி ஏறத்தாழ அநாதையாகவே வெளிவந்தது. 1852இல் விரிவான முன்னுரையோடும் குறிப்புகளோடும் இரண்டாம் பதிப்பு வந்தபோது, அது தேசிய இலக்கியத்தின் அஸ்திவாரமாகியிருந்தது. 1814 வரை டென்மார்க்குடன் பிணைந்திருந்து, அதன் பின்னும் டேனிஷ் பாஷையிலேயே எழுதிவந்த மக்களுக்கு, நார்வேஜியப் பேச்சின் சொல்லமைப்பையும் ஓட்டத்தையும் எழுத்தில் புகுத்திக் காட்டியவர்கள் இவ்விருவர். ஆஸ்பியோர்ன்சன் தனியே 1845இல் வெளியிடத் தொடங்கிய ஐதிகத் தொகுதியிலோ, கதையைச் சொல்பவர்களே பாத்திரங்களாகிவிடுகிறார்கள்: குழி வெட்டுபவர், ஈயத்தை உருக்கிக் குறிசொல்லும் கிழவி, வண்டிக்காரர் என்று ஒருவர் பின் ஒருவராய்ப் பேசுகின்றனர், கேட்பவர்களும் இடைமறித்துப் பேசுகின்றனர். வாய்மொழிக் கதை பெரியவர்களிடையே எவ்வாறு வழங்கிற்று என்பதற்கு, சற்று மெருகேற்றப்பட்டதேயாயினும், இதைவிட நல்ல சாட்சியம் இல்லை.

ஆயினும் கதையைக் காத்த அதே புத்தகம் கதைசொல்லியின் வாயை ஒருவாறு அடைக்கவும் செய்தது. நடை அத்தனை சிறப்பாக அமைந்துவிட்டபடியால், அச்சிட்ட வாசகமே கதையின் ஒரே உண்மை வடிவம் என்று ஆகி, அதினின்று ஒரு சொல் பிறழ்ந்தாலும் பிழை என்று கேட்பவர்கள் கருதும் நிலை வந்தது. எரிக் வேரென்ஷியோல்ட், தியோடோர் கிட்டெல்சன் ஆகியோரின் சித்திரங்கள் பூதத்துக்கு ஒரு முகத்தை நிலைநாட்டிவிட்டன. அதற்கு முன் ஒவ்வொருவர் மனத்திலும் ஒரு முகம் இருந்தது. பள்ளிப் பாடநூல்களும், வானொலியின் குழந்தைகள் நேரமும், 1960களில் ஈவோ காப்ரினோ எடுத்த பொம்மைப் படங்களும் எஞ்சியதைச் செய்து முடித்தன. பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்த சங்கிலி பெரும்பாலும் அறுந்தது. இன்று மேடையேறும் கதைசொல்லிகளில் மிகப் பலர் புத்தகத்திலிருந்து கதையைக் கற்று, பின் புத்தகத்தை மறக்கப் பாடுபடுகிறவர்களே.

புத்தகம் விட்டுவைத்தவையும் உண்டு. கிராமத்தார் கூச்சமின்றிச் சொல்லிவந்த சிருங்காரக் கதைகளையும் பச்சையான ஹாஸ்யங்களையும் சேகரித்தவர்கள் அச்சேற்றத் துணியவில்லை. யோர்கன் மோவின் புதல்வரும் 1886இல் பேராசிரியர் பதவி பெற்றவருமான மோல்ட்கே மோ இத்தகையவற்றைக் குறித்துவைத்தார். எனினும் நார்வே வாசகர்கள் சிருங்காரக் கதைகளைத் தனித் தொகுதியாகக் கையில் பெற 1977ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. பெரியவர்க்கென நடத்தப்படும் கதை மாலைகளுக்கு இத்தொகுதி நல்ல சுரங்கமாயிற்று.

பெரியவர் அவைக்கும் குழந்தைகள் அவைக்கும் உள்ள வேற்றுமையை அறிய, அரசனுடைய முயல்களை மேய்க்கும் கதை ஒன்றே போதும். நூறாண்டுகளாய் மரக்கட்டையின் பிளவில் மூக்கு அகப்பட்டு நிற்கும் கிழவியைக் கண்டு மூத்த சகோதரர்கள் சிரித்துப் போய்விட, கடைக்குட்டி அவளை விடுவித்து, ஒரு முனையில் ஊதினால் முயல்கள் சிதறவும் மறுமுனையில் ஊதினால் திரும்பவும் செய்யும் குழலைப் பரிசாகப் பெறுகிறான். குழலை அபகரிக்க அரண்மனையிலிருந்து ஒவ்வொருவராய் மேய்ச்சல் வெளிக்கு வருகின்றனர். பணமும் முத்தமும் விலையாகின்றன. அரசனோ ஒரு வெள்ளைக் குதிரையை முத்தமிடவேண்டியவனாகிறான், இடையில் பட்டுக் கைக்குட்டையை வைத்துக்கொள்ள மட்டும் அனுமதி பெறுகிறான். முடிவில், பெரிய தொட்டி நிறையும்வரை பொய் சொல்லவேண்டும் என்று பையனுக்கு விதிக்கப்படுகிறது. அவன் நடந்ததையே பொய்யென்று வரிசையாய்ச் சொல்லிக்கொண்டு போய் அரசனுடைய முறை வரும் தருவாயில், தொட்டி நிரம்பிவிட்டது என்று அரசனே அலறுகிறான். குழந்தைகள் முயல்களுக்காகச் சிரிப்பார்கள். பெரியவர்கள் அவையில் தேர்ந்த கதைசொல்லி அந்த அலறலுக்கு முன் ஒரு கணம் நிறுத்துவார். சொல்லாமல் விட்டதை அவையே தன் மனத்தில் சொல்லி முடித்துக்கொள்ளும். அச்சிட்ட பக்கத்தில் இந்த நிறுத்தத்துக்கு இடமில்லை.

கதையை மனப்பாடம் செய்வது இக்கலையில் பொதுவாகக் குறையாகவே எண்ணப்படுகிறது. சம்பவங்களின் எலும்புக்கூட்டையும், ஆரம்பம், முடிவு, திரும்பத் திரும்ப வரும் வாசகங்கள் ஆகியவற்றையும் மட்டும் இறுகப் பற்றிக்கொண்டு, இடைப்பட்டவற்றை அவ்வப்போது அவையின் முகத்தைப் பார்த்துப் புனைவதே முறை. டேனிஷ் அறிஞர் ஆக்ஸல் ஓல்ரிக் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த வாய்மொழிக்கதை விதிகள் இதற்கு இடங்கொடுக்கின்றன: எதுவும் மும்முறை நிகழ்வது, ஒரு காட்சியில் இருவரே எதிர்ப்படுவது, வரிசையில் கடைசியாக வருபவனே கவனத்துக்குரியவனாவது. மும்முறை என்பது ஏட்டில் அலுப்பாகத் தோன்றும். சொல்பவருக்கோ அது மூச்சு வாங்கவும், முதலிரண்டு முறை ஊன்றியதை மூன்றாம் முறை அறுவடை செய்யவும் உதவும் ஏற்பாடு. நார்வேஜியர் பொது மேடையிலும் தத்தம் வட்டாரப் பேச்சிலேயே பேசக் கூசாதவர்கள். ஆகையால் ஒரே கதை தெலெமார்க்காரர் வாயில் ஒரு ஸ்வரமும் வடநாட்டார் வாயில் வேறு ஸ்வரமும் பெறுகிறது. ஹார்டாங்கர் பிடிலோடு இணைந்து நடத்தப்படும் நிகழ்ச்சிகளும் உண்டு. வாத்தியம் கதையை விழுங்காதவரையில் அது நல்ல துணையே.

ஸ்தாபன ஆதரவு மெல்ல வந்தது. ஒஸ்லோவில் உயர்கல்வி நிலையில் வாய்மொழிக் கதைசொல்லலைப் பாடமாகவே பயில்விக்கும் ஏற்பாடு தோன்றிற்று. 2018 முதல் ஒஸ்லோ மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகம் என வழங்கும் நிலையம் அதனை நடத்திவந்துள்ளது. அண்டை நாடாகிய ஸ்வீடனில் 1991இல் தோன்றிய கதைசொல்லிகள் தினம் இன்று மார்ச் 20ஆம் நாள் உலகமெங்கும் கொண்டாடப்படுகிறது. அரங்குகளைப் பொறுத்தவரை நூலகங்களும் காபிக்கடைகளும் அருங்காட்சியகங்களுமே இக்கலைக்கு இடமளிக்கின்றன. பெரிய நாடகசாலை இதற்குப் பொருந்துவதில்லை, கடைசி வரிசையில் இருப்பவரின் கண்ணைச் சொல்பவர் காணமுடியாமற் போவதால்.

இக்கலைஞர்களுக்கு இன்று மெய்யான ஆசானாய் அமைந்திருப்பது 1914இல் நிறுவப்பட்டு ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் உள்ள நாட்டுப்புற மரபு ஆவணக்களரி. எர்னுல்ஃப் ஹோட்னே 1984இல் வெளியிட்ட கதைவகை அட்டவணையைத் துணைகொண்டு அங்கே தேடுவோர்க்கு, புத்தகத்தால் பிரசித்தியடைந்த கதை ஒன்றுக்கே வேறு வேறு பள்ளத்தாக்குகளில் வழங்கிய பாடபேதங்கள் கிடைக்கின்றன. ஒன்றில் பூதம் ஏமாறுகிறது, மற்றொன்றில் அரசகுமாரியே முந்திக்கொள்கிறாள். ஒரு பாடத்தைச் சொன்னவர் தம் ஊர் ஆற்றின் பெயரைச் சேர்த்திருப்பார், மற்றொருவர் முடிவையே விட்டுவிட்டிருப்பார். வடகோடியில் யுஸ்ட் க்விக்ஸ்டாட் சேகரித்து 1927 முதல் 1929 வரை வெளியிட்ட நான்கு தொகுதி சாமி இனத்தார் கதைகளும், இவ்வாறே, நார்வேஜியரிடமிருந்து வந்த பொருளும் சாமியருக்கே உரிய பொருளும் எவ்வாறு ஒரே வாயில் கலந்தன என்பதைக் காட்டுகின்றன. இவற்றைப் படித்த பின்னர் ஆஸ்பியோர்ன்சன், மோ ஆகியோரின் வாசகத்தினின்று விலகக் கதைசொல்லிகள் அஞ்சுவதில்லை.