குவீன்ஸ்டவுனின் வாய்மொழி வரலாறு: தொடக்கம் எது?

சிங்கப்பூரின் முதல் துணைக்கோள் நகரான குவீன்ஸ்டவுன், இரண்டாம் எலிசபெத் அரசியார் 1953இல் முடிசூடியதை நினைவுகூரும் பெயரைத் தாங்கியது. சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனம் தொடங்கிய பணியை, 1960இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடர்ந்து நிறைவேற்றியது. திட்டமிட்டு எழுப்பிய நகர் என்பதால் வரைபடங்களுக்கும் அறிக்கைகளுக்கும் குறைவில்லை. அங்கு நெடுங்காலம் வாழ்ந்தோரைப் பேட்டி காணும் மாணவர்கள் தம் வினாநிரலையும் அவ்வறிக்கைகளைக் கொண்டே வகுக்கின்றனர். “இந்த வீட்டிற்கு எப்போது குடிவந்தீர்கள்?” என்பதே பெரும்பாலும் முதல் வினா. கேட்க எளியதுதான்; எனினும் திட்டத்திற்கு முன் அங்கு வரலாறே இல்லை என்னும் முடிவு அதற்குள் அடங்கியுள்ளது.

இவ்வட்டாரத்தின் தங்ளின் ஹால்ட் என்னும் பெயரே ரயில் நிறுத்தம் ஒன்றால் வந்தது. இன்று காமன்வெல்த் டிரைவில் உள்ள ஸ்ரீ முனீஸ்வரன் கோயில், 1932இல் குவீன்ஸ்வே இருப்புப்பாதையோரம் ரயில்வே தொழிலாளர்கள் எழுப்பிய சிறு கொட்டகையில் தோன்றியதாகும். நகரை விட அது இருபது ஆண்டுகளேனும் மூத்தது. கோயிலிலிருந்து வினாவைத் தொடங்கினால், அடுக்குமாடி வீடு கதையின் நடுப்பகுதிக்குச் சென்றுவிடும்.

இதனினும் கவலைக்குரியது எழுத்துப்பெயர்ப்பு. பிழை திருத்திப் பழகிய நம் கை, ஒலிப்பதிவையும் திருத்தி விடுகிறது. முதியவர் ‘கம்பம்’ என்றால் மாணவர் ‘கிராமம்’ என்று எழுதுகிறார். ‘குவார்ட்டர்ஸ்’ என்றால் ‘குடியிருப்பு’ என்கிறார். வேலை போனால் வீடும் போகும் என்னும் நிலை ‘குவார்ட்டர்ஸ்’ என்ற சொல்லில் இருக்கிறது. ‘குடியிருப்பு’ என்பதில் இல்லை. அந்த அச்சத்தை அறியாமல், வாடகை வீடும் பின்னர்ச் சொந்த வீடும் தொழிலாளர் குடும்பத்திற்கு எப்பொருளைத் தந்தன என்பதை எவ்வாறு விளக்குவது? தங்ளின் ஹால்ட்டின் பத்து மாடிக் கட்டடங்களை அக்கம்பக்கத்தார் ஹொக்கியன் மொழியில் ‘சாப் லாவ்’ என்றனர். அச்சொல் தமிழர் வாயில் வருமாயின், அது அண்டைவீட்டு உறவுக்கான சான்று. நீக்க வேண்டிய பிறமொழிக் கலப்பன்று.

இருப்புப்பாதை 2011இல் மூடப்பட்டது. தங்ளின் ஹால்ட்டின் 31 கட்டடங்கள் மறுமேம்பாட்டிற்கு உட்படும் என 2014இல் அறிவிக்கப்பட்டது. அங்கிருந்தோர் வேறிடங்களுக்குப் பெயர்ந்தனர். இனிச் சுட்டிக்காட்டக் கட்டடமும் இராது. எனவே பேசியவாறே எழுதிய படி ஒன்றும், தேவையெனில் திருத்திய படி ஒன்றும் என இரண்டையும் மாணவர்கள் ஒலிப்பதிவோடு ஒப்படைக்க வேண்டும். மதிப்பெண் முதற்படிக்கே வழங்கத்தக்கது.